ஜனவரியில் கடலுக்குப் போன கவ்ரீல்

சைபீரியாவில் எங்கள் லேனா ஆறு உறைந்த பிறகுதான் கவ்ரீலுக்கு வேலை தொடங்கும். அக்டோபர் கடைசியில் கப்பல்கள் ஆற்றின் ஒதுக்கில் நின்ற நிலையிலேயே பனிக்கட்டிக்குள் சிக்கிக்கொள்ளும். அதன் பிறகு கவ்ரீலும் கூட்டாளிகளும் கோடரியும் கடப்பாரையுமாக இறங்குவார்கள். கப்பலின் பின்பக்கம் சுக்கானும், தண்ணீரைத் தள்ளிக் கப்பலை ஓட்டும் விசிறியும் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பனிக்கட்டியை வெட்டி எடுத்துக் குழியாக்க வேண்டும். அப்போதுதான் வெல்டிங்காரன் உள்ளே இறங்கிப் பழுதுபார்க்க முடியும்.

ஒரேயடியாக வெட்டினால் ஆறு உள்ளே பாய்ந்துவிடும். ஒரு சாண் வெட்டி நிறுத்த வேண்டும். குளிர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் இன்னும் ஒரு சாண் தண்ணீரை இறுக வைக்கும். மூன்று நாள் கழித்து மறுபடி ஒரு சாண். குளிர் முன்னே போக, ஆள் பின்னே போக, ஜனவரி நடுவில் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குக் குழி ஆழமாகிவிடும். நாலு பக்கமும் பனிச்சுவர், தலைக்கு மேலே இரும்பு, காலுக்குக் கீழே ஒரு சாண் கட்டி, அதற்கும் கீழே இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆறு. அந்த ஒரு சாணை நம்பித்தான் எல்லோரும் நிற்பார்கள்.

கவ்ரீல் முப்பது குளிர்காலம் அப்படி நின்றவன். ஐம்பத்து நாலு வயது. இடது காலில் இரண்டு விரல் நுனிகளைக் குளிர் தின்றிருந்தது. கோடரியின் பின்பக்கத்தால் தரையைத் தட்டி, தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்பான், கட்டியின் கனம் அந்தச் சத்தத்தில் தெரியும். "இங்க வெட்டலாம்", "இங்க வேணாம், நாளன்னைக்கு" என்பான். அதோடு பேச்சு முடிந்தது. அவன் குழியில் தண்ணீர் புகுந்ததே இல்லை.

மனைவி அகுலினா குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரி. இருபத்தாறு வருடமாகத் தொண்ணூறு பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சுகிறவள். அவர்கள் தெருவில் பாதிப்பேர் ஜனவரியில் காணாமல் போய்விடுவார்கள். வியட்நாம், தாய்லாந்து என்று வெயில் உள்ள கடலோரம் எங்காவது பதினைந்து நாள் கிடந்துவிட்டு, மூக்குத் தோல் உரிந்து, கைநிறையச் சிப்பிகளோடு திரும்பி வருவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாமும் போகலாமா என்று அகுலினா கேட்பாள். கவ்ரீல் சொல்லும் பதிலும் மாறாது. ஜனவரியில்தான் குழி ஆழமாக இருக்கும், விட்டுவிட்டு வர முடியாது. கோடையில் போகலாம் என்றால் கோடை முழுக்க அவன் அண்ணன் வீட்டு மாடுகளுக்குப் புல் அறுக்கப் போய்விடுவான்.

"கடலு எங்க போயிடப் போவுது? அங்கயேதான் கெடக்கும்" என்பான்.

"கடல் கெடக்கும். நாம கெடப்பமா?" என்பாள் அகுலினா.

இந்தப் பேச்சு பத்து வருடமாக நடந்துகொண்டிருந்தது.

அந்த ஜனவரி பன்னிரண்டாம் தேதி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தெட்டு. பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் அடியில் நாலு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். குழி வெட்டத் தொடங்கி நாற்பத்திரண்டாவது நாள். கவ்ரீல் தரையைத் தட்டினான், தலையைச் சாய்த்தான், கடப்பாரையை இறக்கினான். அது போகவேண்டிய தூரத்துக்கு மேல் போயிற்று. கடப்பாரை முனை போன இடத்தில் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. ஒரு கண் இமைக்கும் நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கோடு பீறிட்டது.

"ஏறுங்கடா" என்று மட்டும் சொன்னான். நாலு பேரும் ஏணியைப் பிடித்து மேலே வந்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் குழி விளிம்பில் நின்று பார்த்தபோது தண்ணீர் ஆவி பறக்க ஏறிக்கொண்டே வந்தது. விசிறியை மூடியது, சுக்கானை மூடியது, கோடரிகளையும் மண்வெட்டிகளையும் மூடியது. ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டு நாள் உழைப்பு ஆற்றோடு ஆறாகிவிட்டது.

மேஸ்திரி புரோகோப்பி பெரிய உடம்புக்காரர், கவ்ரீலைவிட மூன்று வயது இளையவர். ஓடி வந்து தலைகளை எண்ணிப் பார்த்தார். நாலும் இருக்கிறது என்று தெரிந்ததும் மூச்சு விட்டார். கவ்ரீலைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனி ரெண்டு வாரம் இங்க ஒண்ணும் செய்ய முடியாது. நல்லா உறையட்டும், முதல்லேருந்து ஆரம்பிப்போம். நீங்க வீட்டுக்குப் போங்கண்ணே. உங்க மூஞ்சியப் பாக்க முடியல."

கவ்ரீல் வீட்டுக்கு வந்தான். நடந்ததைச் சொன்னான். அகுலினா குதிரைக்கறிச் சூப்பைச் சூடு பண்ணி முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த அறைக்குப் போய், நகரத்தில் வேலை பார்க்கும் மகள் சர்கிலானாவுக்குப் போன் போட்டாள். சாயங்காலத்துக்குள் யாரோ கடைசி நேரத்தில் வேண்டாமென்று விட்டுப்போன இரண்டு இடம் கிடைத்துவிட்டது. விமானம், ஓட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து, வியட்நாம் கடற்கரையில் பன்னிரண்டு நாள்.

பாஸ்போர்ட் வேண்டுமே என்றான் கவ்ரீல், தப்பிக்க ஒரு வழி கிடைத்த மாதிரி. அகுலினா அலமாரியிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்தது. ஏதோ தாளில் கையெழுத்துப் போடச் சொன்னபோது போட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. எதற்கு என்று அன்றைக்குக் கேட்கவில்லை. இப்போது மறுத்துச் சொல்ல அவனிடம் குழியும் இல்லை.

விமான நிலையத்தில் பனிமூட்டம். நாலு மணி நேரத் தாமதம். வழக்கம்போல எல்லோருடைய கம்பளிக் கோட்டுகளையும் மென்மயிர்த் தொப்பிகளையும் கலைமான் தோல் காலணிகளையும் வழியனுப்ப வந்தவர்கள் மூட்டையாகக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். சர்கிலானா அப்பாவின் காலணியைக் கழற்ற மண்டியிட்டாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"குடுப்பா. அங்க இதப் போட்டுட்டுப் போனா மியூசியத்துல வச்சிடுவாங்க."

மெல்லிய சட்டையோடும் துணிக் காலணியோடும் பேருந்திலிருந்து விமானப் படிக்கட்டு வரைக்கும் ஓடிய அந்த முப்பது அடியில் ஒருவரையொருவர் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கவ்ரீல் சிரிக்கவில்லை. கண்ணை மூடினால் கருப்புக் கோடு தெரிந்தது.

ஏழு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

பின்னால் யாரோ நீராவிக் குளியல் வீட்டின் கதவைத் திறந்து விட்டுவிட்டார்கள் என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. திரும்பிப் பார்த்தான். பின்னால் விமானம்தான் இருந்தது. வெப்பம் எந்த ஓர் இடத்திலிருந்தும் வரவில்லை, அது எல்லா இடத்திலும் இருந்தது. படியில் நின்று வாயைத் திறந்து மூச்சை ஊதினான். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை ஊதினான். ஜனவரி மாதத்தில் தன் மூச்சு கண்ணுக்குத் தெரியாமல் போவதை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. மூன்றாவது தடவை ஊதியபோது பின்னால் நின்ற ஆள் தோளைத் தட்டி, நகரச் சொன்னார்.

வெளியே சுவரெல்லாம் காகிதப்பூ. அகுலினா ஓர் இலையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். பறிக்கவில்லை, விட்டுவிட்டாள். பேருந்து ஏறி ஒரு வளைவு திரும்பியதும் வலதுபக்கம் நிலம் முடிந்து, அதற்கப்பால் நீலமாக ஒன்று தொடங்கியது. பேருந்தில் பேச்சு நின்றது. அங்கே பலமுறை வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். கவ்ரீல் மறுகரையைத் தேடினான். ஆற்றின் ஆள் அவன், எவ்வளவு அகலமானாலும் மறுகரை இருக்கும் என்பது அவன் கணக்கு. கண் போய்க்கொண்டே இருந்தது, எதிலும் முட்டவில்லை.

ஓட்டலில் பாதிப்பேர் கவ்ரீலின் ஊர்க்காரர்கள். நீச்சல்குளத்தைச் சுற்றி அவர்கள் பாஷைதான் கேட்டது. அகுலினா பையை வைத்த கையோடு மணலில் இறங்கி, பாவாடையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பு வரைக்கும் போய், அங்கே நின்று, இரண்டு கையையும் தண்ணீருக்கு மேலே விரித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். திரும்பி வந்தபோது முகமே வேறாக இருந்தது.

கவ்ரீல் நாற்பது அடி தள்ளி ஒரு தென்னையின் நிழலில் காலணியோடு உட்கார்ந்திருந்தான். முதல் நாளும் அங்கே, இரண்டாம் நாளும் அங்கே. இவ்வளவு பெரிதாக இருக்கும் ஒன்று இப்படிச் சும்மா கிடக்கும் என்பதை அவன் நம்பவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அறையில் அசந்து தூங்கினான். ஜன்னல் திறந்திருந்தது. அலையோசை தூக்கத்துக்குள் வந்தது. அகுலினா குளியலறையிலிருந்து வந்து பார்த்தபோது கவ்ரீல் கட்டில்மேல் ஏறி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண் விழித்தும் விழிக்காமலும் நின்றான். கை எதையோ பிடிக்கத் தேடிக்கொண்டிருந்தது. ஏணியை.

அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இறக்கி உட்கார வைத்தாள். அப்போதுதான் அவன் யாரிடமும் சொல்லாததைச் சொன்னான்.

"வலது காது கேக்கல. ரெண்டு வருசமா. அன்னைக்குத் தட்டுனப்போ கேட்டுச்சுன்னு நெனச்சேன். கேக்கல. பழக்கத்துல வெட்டிட்டேன். கீழ மூணு பேரு நின்னாங்க."

அகுலினா வெகுநேரம் அவன் கையை விடவில்லை.

"ரெண்டு வருசமா நான் கேட்டதுக்குப் பதில் வராதப்பல்லாம் உனக்குத் திமிருன்னு நெனச்சேன்யா" என்றாள் கடைசியில். "எத்தன நாளு இதுக்காகச் சூப்புல உப்பக் கொறச்சிருக்கேன் தெரியுமா?"

அவன் முகத்தில், குழியில் தண்ணீர் புகுந்த பிறகு முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

அகுலினாவுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவளால் உட்கார முடியவில்லை. மீன், இறால், பழம், பத்து வகை ரொட்டி என்று வரிசையாக வைத்திருந்தார்கள். யாரோ சமைத்ததை, யாரோ பரிமாற, தான் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பழக்கமில்லை. சாப்பிட்டு முடித்தவுடன் பக்கத்து மேஜைத் தட்டுகளையும் சேர்த்து அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில், முட்டை பொரித்துக்கொண்டிருந்த லவான் என்கிற பெண் அடுப்பை விட்டு வந்து, அவள் கையிலிருந்த தட்டுகளை வாங்கி, தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். உட்கார் என்று அவள் பாஷையில் சொன்னது எல்லாத் தாய்மாரும் சொல்வது போலத்தான் இருந்தது. அகுலினா தன் போனில் காப்பகத்துப் படங்களைக் காட்டினாள். பெரிய கஞ்சிப் பானை, கரண்டியோடு தான், வரிசையாகப் பிள்ளைகள். லவான் பார்த்துவிட்டுத் தன் மணிக்கட்டில் இருந்த எண்ணெய்த் தழும்பைக் காட்டினாள். அகுலினாவுக்கும் அதே இடத்தில் ஒன்று இருந்தது.

மறுநாள் கூட்டம் வருவதற்கு முன்னால் லவான் அவளுக்கு ஓர் அடுப்பை விட்டுக்கொடுத்தாள். அகுலினா மாவு கரைத்து, எங்கள் பக்கத்தில் சுடும் அலாஜி என்கிற சின்ன அப்பங்களைச் சுட்டெடுத்தாள். லவான் மூன்று தின்றாள். மிச்சத்தை ஒரு துண்டில் பொதிந்துகொண்டு அகுலினா கவ்ரீலைத் தேடி வந்தாள்.

"எந்திரி. இவ்வளவு பெரிய தண்ணிக்கு வந்து நாலு நாளாச்சு, இன்னும் ஒரு வாய் குடுக்கல. நம்மள என்ன நெனைக்கும்?"

இதற்கு மட்டும் அவனால் மறுப்புச் சொல்ல முடியாது. புதிய ஆற்றங்கரைக்குப் போனாலும் புதிய காட்டுக்குப் போனாலும் முதலில் அந்த இடத்துக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் உட்காருவார்கள். சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டுக் கிளம்பியிருந்தது. இருவரும் ஓரத்தில் நின்றார்கள். அகுலினா ஓர் அப்பத்தைப் பிய்த்து வீசினாள்.

"தாயே, நாங்க வடக்கேருந்து வர்றோம். அங்க இப்ப அம்பது டிகிரி குளிரு. உன்னப் பத்தி ரொம்ப நாளா கேள்விப்பட்டிருக்கோம். இவரு முப்பது வருசமா தண்ணியோட மல்லுக்கட்டுற ஆளு. கெட்டவரு இல்ல. வேலை அப்படி. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

ஓர் அலை வந்து அப்பத்தை எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் கவ்ரீலின் இரண்டு காலணிகளையும் நனைத்தது. அவன் பின்வாங்கக் காலைத் தூக்கினான், தூக்கியவன் நின்றுவிட்டான். காலணிக்குள் நுழைந்த தண்ணீர் கடிக்கவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்தான். அவன் அறிந்த தண்ணீர் எலும்பு வரை அறுக்கும். கையுறை நனைந்தால் விரல் போய்விடும் என்பதுதான் அவன் படித்த முதல் பாடம். இந்தத் தண்ணீர் அவன் கைக்குள் ஒரு மாட்டின் நாக்கு மாதிரி இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் இதே சூடு. அவன் வீட்டில் ஒரு தொட்டித் தண்ணீரைச் சுடவைக்க எவ்வளவு விறகு என்பது அவனுக்குத் தெரியும்.

"யாரு இதுக்கெல்லாம் அடுப்பு எரிக்கிறது?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை.

அகுலினா சூரியனைக் கைகாட்டினாள். அவன் காலணியைக் கழற்றினான்.

அதற்கடுத்த நாள் பக்கத்துத் தீவுக்குப் படகில் அழைத்துப் போனார்கள். நீல வண்ணம் பூசிய மரப்படகு. ஓட்டியவர் லாம் என்பவர், கவ்ரீல் வயதுதான் இருக்கும், வலது கையில் சுண்டுவிரல் பாதிதான். ஆழமில்லாத ஓரிடத்தில் நங்கூரம் போட்டு, ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்தார்கள். மற்றவர்கள் மீன் பார்க்கக் குதித்தார்கள். கவ்ரீலுக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஆற்றில் நீந்திப் பழகக் கோடை போதாது. ஆனால் படகிலேயே உட்கார்ந்திருக்கவும் மனம் வரவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கழுத்தளவு போனதும், ஏணிக் கம்பியை விடாமல், முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைத்தான்.

மீனை அவன் பார்க்கவில்லை. அவன் எதிரே படகின் அடிவயிறு இருந்தது.

முப்பது வருடம் கப்பல்களை அடியிலிருந்தே பார்த்தவன் அவன். அவனுக்குத் தெரிந்த அடிப்பாகம் கருப்பு இரும்பு, அசைவில்லாதது, மேலே தொங்கும் பாரம், விளக்குப் பிடித்தால் மட்டும் தெரிவது. இங்கே ஒரு முழுப் படகு வெளிச்சத்தின் நடுவே எதன்மேலும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தது. கீழே மணலில் வெயில் வலைபோல ஆடியது. அந்த வலை படகின் அடியிலும் ஆடியது. அலைக்கு அலை படகு மெல்ல எழுந்து மெல்ல இறங்கியது, தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. சுக்கான், விசிறி, நடு மரம் எல்லாம் அவன் கைக்குப் பழகிய அதே உறுப்புகள். ஆனால் அவை எதற்காக அந்த வடிவத்தில் இருக்கின்றன என்பது அந்த நிமிடம்தான் அவனுக்குப் புரிந்தது. தான் பிணத்தைப் பார்த்தே வைத்தியம் படித்தவன் போல என்று நினைத்துக்கொண்டான். மூச்சுக் குழாயில் அவன் மூச்சு பெரிதாக இரைந்தது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். அகுலினா மேலேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். பிடரி முழுக்க வெயிலில் வெந்து சிவந்திருந்தது, அதுவும் தெரியவில்லை.

தலையைத் தூக்கியதும் அவன் செய்த முதல் காரியம் லாமைத் தேடியது. விசிறியின் ஓர் இதழ் ஓரத்தில் கடித்தாற்போல் உடைந்திருந்தது, தண்டில் பழைய கயிறு சுற்றிக் கிடந்தது. இதைப் பாஷை இல்லாமல் சொல்ல வேண்டும். மூன்று விரலை இதழாக விரித்து, ஒன்றை மடக்கிக் காட்டினான். லாம் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தார். மேலே வந்ததும் கவ்ரீலின் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். அங்கே கடப்பாரை பிடித்த காய்ப்பு இருந்தது. லாம் தன் கையையும் விரித்துப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் விடிகாலையில் கவ்ரீல் கடலோரமாகவே நடந்து படகுக்காரர்களின் குப்பத்துக்குப் போனான். லாமின் படகு கரைக்குப் பக்கத்தில், முட்டளவுத் தண்ணீரில், இருபக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுக்கப்பட்டு நின்றது. யாரும் எதுவும் வெட்டவில்லை, இறைக்கவில்லை. நாலைந்து பேர் மணலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. அவனும் உட்கார்ந்தான்.

அப்போது தண்ணீர் போகத் தொடங்கியது.

முதலில் கண்ணின் மயக்கம் என்று நினைத்தான். ஒரு கல் தெரிந்தது, சற்று முன் அது இல்லை. பிறகு இன்னொரு கல். பிறகு ஈரமணல் ஒரு விரிப்பு அளவு, ஒரு முற்றம் அளவு. கடல் யாரும் சொல்லாமல், சத்தமில்லாமல், பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் படகு அடிவரைக்கும் உலர்ந்து நின்றது. விசிறி, சுக்கான் எல்லாம் வெளியே. ஓர் எண்ணெய்க் கப்பலின் விசிறியை வெளியே கொண்டுவர அவனுக்கும் மூன்று பேருக்கும் நாற்பத்திரண்டு நாள் ஆயிற்று, அதிலும் தோற்றான். இங்கே கடல் தானே ஒதுங்கி, வேலையைப் பாருங்கள் என்று இடம் விட்டது. கவ்ரீல் எழுந்து நின்று, தன்னையறியாமலே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். லாம் அவன் தோளைத் தட்டி வானத்தைக் காட்டினார். பகலிலும் மறையாமல் மங்கலாக ஒரு பிறை அங்கே இருந்தது. அவர் சொன்னது இவனுக்குப் புரிந்ததோ என்னவோ, வெகுநேரம் அதையே பார்த்தான்.

பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டு படகின் அடியில் போய்ப் படுத்தான். ஒட்டிக் கிடந்த சிப்பிகளைச் சுரண்டினான். மத்தியானம் கடல் திரும்பி வருவதற்குள் இதழையும் கயிற்றையும் சரிசெய்துவிட்டார்கள். அடுத்த நாள் வேறொரு படகு. அதற்கும் போனான். நாலு நாள் போனான்.

நாலாம் நாள் அகுலினா குடையைப் பிடித்துக்கொண்டு தேடி வந்தாள். கூட ஓட்டலிலிருந்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர், வேடிக்கை பார்க்க.

"ஏன்யா, குளிருக்கும் வெயிலுக்கும் எண்பது டிகிரி வித்தியாசத்தத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, மறுபடி கப்பலுக்கு அடியிலயேவா போய்ப் படுத்திருக்க?" என்றாள்.

அவன் படகின் அடியிலிருந்து தலையை நீட்டினான். தாடியெல்லாம் சிப்பித் தூள்.

"நீ இங்க வந்து பாரு. மேல வெளிச்சம், கீழ மணலு, வேர்க்குது. தண்ணி வர்ற நேரம் இவங்களுக்கு முன்கூட்டியே தெரியுது. அது வர்றப்போ எல்லாரும் சும்மா எந்திரிச்சு நடந்து போறாங்க. யாரும் ஓடல, அகுலினா."

கூட வந்தவர்கள் கேலி பேச வாயெடுத்தார்கள். அவள் பார்த்த பார்வையில் பேசவில்லை. லாமின் மனைவி பாய் விரித்து மாம்பழம் வெட்டி வைத்தாள். அகுலினா அன்று எழுந்து உதவப் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே மூன்று துண்டு தின்றாள்.

ஊர் திரும்பிய அன்று குளிர் ஐம்பத்தொன்று. சர்கிலானா கோட்டுகளோடு நின்றாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, யார் இந்தக் கருப்பு ஆள் என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் கவ்ரீல் ஆற்றுக்குப் போனான். கோடரியை எடுப்பதற்கு முன்னால் மேஸ்திரியையும் குழி ஆட்களையும் சூடேற்றிய கூண்டு வண்டிக்குள் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் காதைப் பற்றிச் சொன்னான். தன்னைக் குழியின் தரையை வெட்டும் வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்றும் சொன்னான். மேஸ்திரி புரோகோப்பி அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார்.

"எடுக்க மாட்டேன்" என்றார். "இனிமே காதை யாரும் நம்ப வேணாம். மெல்லிசாத் துளை போட்டு, கம்பியால அளந்துட்டு, பனிய வச்சு அடைச்சுட்டு வெட்டுவோம். நேரம் ஆகும். ஆகட்டும்."

நேரம் ஆயிற்று. எண்ணெய்க் கப்பலின் குழி மார்ச் இருபதாம் தேதிதான் முடிந்தது, வெயில் ஏறப் பத்து நாள்கூட இல்லாத நிலையில். தண்ணீர் வரவில்லை. மே கடைசியில் பனி உடைந்ததும் கப்பல் வடக்கே போயிற்று. கவ்ரீல் இன்னும் நாலு குளிர்காலம் குழியில் நின்றான். அந்த நாலிலும் யாருக்கும் கால் நனையவில்லை.

தேநீர் இடைவேளையில் கூட்டாளிகள் கடலைப் பற்றிக் கேட்பார்கள். அவன் நன்றாகப் பேசத் தெரிந்தவன் இல்லை. தண்ணீர் தானாக விலகிப் போயிற்று, மத்தியானம் தானாக வந்தது என்பான். மேஸ்திரி நம்பவில்லை. ஆறு இறங்கும், ஏறும், அதற்கு மாதக் கணக்கு ஆகும். ஒரே காலையில் எப்படி என்று வருடம் முழுக்கத் தர்க்கம் செய்தார். கடைசியில் அடுத்த ஜனவரியில், குழியை இரண்டாவது மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிட்டு, கவ்ரீல் தம்பதியோடு தானும் கிளம்பினார்.

லாமின் குப்பத்துக்கு மூவரும் விடிகாலையில் போனார்கள். கடல் இறங்கியது. நூற்றிருபது கிலோ எடையுள்ள புரோகோப்பி கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அது பின்வாங்கப் பின்வாங்க அதன் பின்னாலேயே நடந்தார். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. சற்று முன் தண்ணீராக இருந்த இடத்தின் நடுவில் குனிந்து எதையோ எடுத்தார். ஐந்து கால் உள்ள ஒரு நட்சத்திர மீன். அது அவர் உள்ளங்கையில் ஒரு காலை மெல்ல மடக்கியது. அவர் வலதுபக்கம் பார்த்தார், இடதுபக்கம் பார்த்தார், பிறகு அதை இரண்டு கையிலும் ஏந்தியபடி, அவ்வளவு பெரிய வெளியில், யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றார்.